கேட்டது

பனெவேஜிஸ் நகரின் பழைய ஜிம்.
கூரைப் பனி உருகிச் சொட்டும் இடத்தில்,
ஸ்கோர் மேசைக்குப் பின்னால்,
ஒரு நீல வாளி.
வாரநாளில் நான் பால் ஆலை ஆய்வகத்தில்
கொழுப்பு அளப்பவள்.
சனிக்கிழமை மாலைகளில்
கழுத்தில் விசில்.

கத்துகிற பயிற்சியாளர்களைச் சமாளித்துவிடலாம்.
குக்கர் போல மூன்று முறை சீறிவிட்டு
அடங்கிவிடுவார்கள்.
கின்டௌடாஸ் கத்தமாட்டார்.
குரலைத் தாழ்த்துவார்.
அவர் தாழ்த்தத் தாழ்த்த நான் குனிய வேண்டும்.
குனிந்தால் எதிர் பெஞ்ச் எழுந்து நிற்கும்,
அங்கே என்ன ரகசியம் என்று.
அதனால் பக்கவாட்டில் நிற்பேன்.
கண் களத்தில்.
காதை மட்டும் கடன் கொடுப்பேன், முகத்தைக் கொடுப்பதில்லை.

கேள்விக்குப் பதில் உண்டு.
"அவர்களுடைய பதினோராம் எண் மூன்று விநாடி நிற்கிறான், பார்க்கிறீர்களா?"
பார்க்கிறேன்.
"உங்களுக்குக் கண் இருக்கிறதா?"
இலக்கணப்படி இதுவும் கேள்விதான்.
பதில் கிடையாது.

மற்றதற்கெல்லாம் ஒரே சொல்: "கேட்டேன்."
ஒப்புக்கொண்டேன் என்று அதற்கு அர்த்தமில்லை,
மறுத்தேன் என்றும் இல்லை.
ஓர் ஆட்டத்தில் முப்பது முறையாவது சொல்வேன்.
"அமைதியாக இருங்கள்" என்று மட்டும் சொல்வதில்லை.
ஷௌலேயில் ஒருமுறை சொன்னேன்.
அந்த மனிதர் தன் வரைபலகையைத் தொடையில் வைத்து
இரண்டாக முறித்து
பாதியை என்னிடம் நீட்டினார்.

மூன்றாம் கால்பகுதி.
கின்டௌடாஸின் பதினான்காம் எண், டௌட்விதாஸ்,
கூடையை நோக்கிப் பாய்ந்து மோதினான்.
பந்து வலைக்குள் விழுந்தது.
நான் முஷ்டியை உள்ளங்கையில் குத்தி
தவறு அவனுடையது என்றேன்.
முஷ்டி உள்ளங்கையைத் தொடும் முன்பே தெரிந்துவிட்டது:
தடுத்தவனின் கால் நகர்ந்திருந்தது.

பெஞ்ச் ஓரத்துக்கு வந்தார்.
"எந்தக் கால்?"

கோணம் சரியாக அமையவில்லை,
அடுத்த முறை கவனிக்கிறேன்,
ஆட்டம் போகட்டும்.
இப்படிச் சில பதில்கள்
எப்போதும் சட்டைப்பையில் இருக்கும்.
"தப்பாகப் பார்த்துவிட்டேன்" என்றேன்.

பெரிய மூட்டையோடு வந்து
வீடு பூட்டியிருக்கக் கண்டவர் போல
அப்படியே நின்றார்.
பலகையைப் பார்த்தார். 51, 54.
போய் உட்கார்ந்தார்.
உதவியாளன் நீட்டிய தண்ணீர்
நீட்டியபடியே இருந்தது.

அது ஒருமுறை மட்டும் செல்லும் காசு.
அந்த இரவுக்கு என்னிடம் வேறு இல்லை.

இன்னும் இரண்டு நிமிடம்.
இரண்டு ஷூவும் கோட்டைத் தாண்டியிருக்க
எர்னெஸ்டாஸிடம் ஒரு சொல் சொன்னார்.
எர்னெஸ்டாஸுக்கு வயது இருபத்திரண்டு.
சொல் அவன் அம்மாவைப் பற்றியது.
மெல்லத்தான் சொன்னார். கூட்டத்துக்குக் கேட்கவில்லை.
கேட்காத மாதிரி நானும் இருந்திருக்கலாம்,
எங்கள் தொழிலில் பாதி அதுதான்.
ஆனால் பையனின் கழுத்து சிவந்து
விசில் கயிறு வெள்ளையாகத் தெரிந்தது.
நிமிர்ந்த விரல்கள் மேல் மறு கையைக் கிடத்தினேன்.
டெக்னிக்கல்.
அவர் ஒன்றும் கேட்கவில்லை.

நான்கு புள்ளியில் தோற்றார்கள்.
அந்த ஒரு ஃப்ரீ த்ரோவால் அல்ல என்று
எனக்கே சொல்லிக்கொண்டேன்.
சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

வெளியே மைனஸ் பதினேழு.
எல்லா வண்டியும் போன பிறகும்
அவருடைய பழைய ஓப்பல் இருமிக்கொண்டிருந்தது.
ஆட்டம் முடிந்தபின் பயிற்சியாளரோடு பேசக் கூடாது,
அது விதி.
பேட்டரி கேபிளைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை.
"சிவப்பு சிவப்போடு."
"தெரியும்."
மூன்றாம் முயற்சியில் என்ஜின் பிடித்தது.

கண்ணாடியை இறக்கினார். வாய் திறந்தது.
என் கை தானாக எழுந்து நின்றது,
போதும் என்று காட்டுகிற அதே உள்ளங்கை,
இப்போது கம்பளி உறைக்குள்.
அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.
கண்ணாடி மேலே ஏறியது.

கேபிளைச் சுருட்டி வைத்துவிட்டு ஏறினேன்.
போனிலிருந்து தலை தூக்காமல் எர்னெஸ்டாஸ்,
"அந்தக் காலைப் பற்றியா?"

"கேட்கவில்லை" என்றேன்.